பிள்ளை பிறந்த வீட்டில் வாப்பாவுக்கும் ஓர் இடம்

அம்பாறை மாவட்டத்தின் இறக்காமம் பகுதியில் உள்ள வரிப்பத்தான்சேனை, வயலை நம்பி வாழும் ஒரு முஸ்லிம் கிராமம். கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களில் உள்ள வழக்கமே இங்கும் உண்டு. திருமணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருகிறார். இவ்வாறு வாழத் தொடங்கும் இளம் குடும்பங்களை மனதில் வைத்தே இவ்விதழின் குடும்ப வாழ்வுப் பாடத்தை எழுதுகின்றோம்.

எமது கேள்வி இதுதான்: முதற்பிள்ளை பிறந்த பின்னர், சண்டை சச்சரவு எதுவும் இல்லாமலே கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் தூரமாகிவிடுவது ஏன்? அதைத் தடுக்க அவ்விருவரும், அவர்களைச் சுற்றியுள்ள பெரியவர்களும் என்ன செய்யலாம்?

எமது பகுதியின் வீட்டு வழக்கு

கிழக்கிலங்கையில் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடமும் தாய்வழிக் குடி முறை உண்டு. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பதும், மருமகன் அவ்வீட்டில் வந்து வாழ்வதும் இம்முறையோடு சேர்ந்தவை. அமெரிக்க மானுடவியலாளரான டெனிஸ் மெக்கில்வ்ரே 1969ஆம் ஆண்டில் அக்கரைப்பற்றில் தமது ஆய்வைத் தொடங்கி, இந்த வழக்கங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து, 2008இல் ஒரு பெரும் நூலாக வெளியிட்டார்.

இவ்வழக்கத்தில் பெரும் நன்மை ஒன்று உண்டு. இந்தியாவின் பல பகுதிகளில் புதுப்பெண் தன் தாய்வீட்டை விட்டு, அறிமுகமில்லாத மாமியார் வீட்டுக்குப் போகிறாள். அங்கே அவள் முதற்பிள்ளையைச் சுமக்கும் காலத்தில் தன் நோவைச் சொல்லவும் ஆளில்லாமல் தவிப்பதுண்டு. எமது பெண்களுக்கு அந்த நிலை பெரும்பாலும் இல்லை. அவள் தன் வீட்டிலேயே இருக்கிறாள். உம்மா பக்கத்தில். ராத்தாவின் வீடு அதே வளவில் அல்லது அடுத்த வளவில். பிள்ளை அழுதால் எடுப்பதற்கு நான்கு கைகள் உண்டு. இது எமது மூத்தோர் எமக்குத் தந்த பாதுகாப்பு. இதைக் குறைத்துப் பேசுவது எமது நோக்கமன்று.

ஆனால் இதே ஏற்பாட்டில் வந்து சேர்ந்தவர் யார்? கணவன். அந்த வீட்டில் அவர்தான் புதியவர். மாமா, மாமி அவருக்கு மரியாதை செய்கிறார்கள். நல்ல துண்டு மீனை அவருடைய கோப்பையில் வைக்கிறார்கள். ஆனால் மரியாதை வேறு, உரிமை வேறு. விருந்தாளிக்கும் மரியாதை கிடைக்கும். பிள்ளை பிறக்கும்போதுதான் இந்த வேறுபாடு வெளியே தெரிகிறது.

பிள்ளை பிறந்ததும் நடப்பது என்ன?

ஓர் இளம் குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். பிள்ளை பிறந்தவுடன் அதன் காதில் வாப்பா பாங்கு சொல்கிறார். அது அவருக்கே உரிய பேறு. ஏழாம் நாள் பெயர் வைத்து, முடி இறக்கி, வசதிக்கேற்ப அகீகாவும் கொடுக்கிறார். அதன் பின்னர் அவருக்கு அந்தப் பிள்ளை தொடர்பாக என்ன வேலை இருக்கிறது? பால்மா அல்ல, தாய்ப்பால். ஆகவே கடைக்கு ஓடும் வேலைகூட இல்லை. குளிப்பாட்டுவது உம்மும்மா. துணி கழுவுவது மனைவியின் தங்கை. தாய்க்கு மருந்துச் சரக்குச் சேர்த்த கறி ஆக்குவது மாமி. நாற்பது நாள் முடியும் வரை உள்ளறையில் தாயும் பிள்ளையும் மாமியும் உறங்க, இவருடைய பாய் விறாந்தைக்கு வந்துவிடுகிறது.

இவர் பிள்ளையைத் தூக்கப் போனால், “இதெல்லாம் ஆம்பிளைகளுக்குச் சரிவராது மகன், நீங்க போய் ஒறங்குங்க” என்கிறார் மாமி. அன்பினால் சொல்லும் சொல்தான் அது. ஆனால் பத்து முறை கேட்டபின் அவர் தூக்க முயல்வதில்லை. நாற்பது நாள் முடிந்தும் பாய் உள்ளே போவதில்லை. வேளாண்மைக் காலம் வந்ததும் காவலுக்கு வயல் வாடிக்குப் போய்விடுகிறார். அங்கேயாவது அவருக்கு ஒரு வேலை இருக்கிறது.

மனைவி என்ன நினைக்கிறாள்? “பிள்ளை பிறந்ததிலிருந்து இவர் என்னிடம் ‘எப்படி இருக்கிறாய்?’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையைத் தொட்டும் பார்ப்பதில்லை. என் மேல் இருந்த விருப்பம் போய்விட்டது.” கணவன் என்ன நினைக்கிறார்? “இவளுக்கு உம்மாவும் பிள்ளையும் போதும். என்னிடம் காசு மட்டும் கேட்கிறாள்.” இருவரும் நினைப்பது தவறு. இருவருக்கும் விருப்பம் போகவில்லை. அதைச் சொல்வதற்கு அந்த வீட்டில் ஓர் இடமும் ஒரு நேரமும் இல்லாமற் போயிற்று. அவ்வளவுதான். ஆனால் சொல்லாமல் இரண்டு வருடம் கடந்தால், தவறான எண்ணமே உண்மையாகிவிடும்.

பிற நாடுகளிலும் இதே கதை

இது எமது ஊருக்கு மட்டும் உரிய துன்பமன்று. 1957இல் அமெரிக்கச் சமூகவியலாளர் லிமாஸ்டர்ஸ் 46 தம்பதியரிடம் முதற்பிள்ளை பிறந்த காலத்தைப் பற்றி விசாரித்தார். அவர்களில் 38 தம்பதியர் அக்காலத்தைத் தம் வாழ்வின் பெரும் நெருக்கடியாகக் கண்டதாக அவர் எழுதினார். பின்னர் கலிபோர்னியாவில் கரோலின் கவன், பிலிப் கவன் என்ற ஆய்வாளர்கள், அவர்களும் கணவன் மனைவியரே, பல தம்பதியரைக் கருவுற்ற காலம் முதல் தொடர்ந்து கவனித்து, 1992இல் ஒரு நூல் வெளியிட்டனர். பிள்ளை வந்தபின் பெரும்பாலான தம்பதியரின் மனநிறைவு குறைந்தது என்பதும், வீட்டு வேலையை யார் செய்வது என்பதே அவர்களுக்கிடையில் அதிகம் மனக்கசப்பை உண்டாக்கியது என்பதும் அவர்கள் கண்டவை. சில தம்பதியரை அவர்கள் சிறு குழுக்களாக 24 வாரங்கள் கூட்டிப் பேச வைத்தார்கள். அக்குழுக்களில் இருந்தோரிடம் மனநிறைவு அவ்வளவு குறையவில்லை.

அங்கே தம்பதியர் தனித்து வாழ்கிறார்கள். உதவிக்கு ஆளில்லை, இருவரும் களைத்துப்போய் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுகிறார்கள். இங்கே உதவிக்கு ஆள் நிறைய உண்டு. ஆனால் கணவனுக்குப் பங்கு இல்லை. காரணம் நேர் எதிரானது, விளைவு ஒன்றே. ஆகவே உதவியின் அளவு மட்டும் போதாது. அந்த உதவி கணவனையும் மனைவியையும் ஒன்றாகச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்பதையே நாம் பார்க்கவேண்டும்.

மார்க்கம் காட்டும் வழி

பிள்ளை வளர்ப்பு பெண்களின் வேலை, ஆண் தலையிடுவது மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று சிலர் எண்ணுவர். திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 233ஆம் வசனம் இரண்டு வருடம் தாய்ப்பால் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. தாயின் உணவுக்கும் உடைக்கும் தகப்பனைப் பொறுப்பாளியாக்கும் அதே வசனம், பால் மறக்கச் செய்வதைத் தாயும் தகப்பனும் ஒருவரோடொருவர் கலந்து பேசி, இருவரும் மனமொத்துத் தீர்மானிக்கவேண்டும் என்ற கருத்தையும் சொல்கிறது. பால்குடியை நிறுத்துவது போன்ற விடயத்திலேயே தகப்பனின் ஆலோசனை வேண்டும் என்றால், மற்ற விடயங்களில் அவரை விறாந்தையில் இருத்தி வைப்பது சரியா? நபிகளார் வீட்டில் இருக்கும்போது வீட்டாருக்குப் பணிவிடை செய்வார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து போவார்கள் என்று அவர்களின் மனைவி ஆயிஷா அறிவித்த செய்தியும் யாவரும் அறிந்ததே.

நாம் செய்யக்கூடியவை

1. வாப்பாவுக்கென ஒரு வேலை. ஒவ்வொரு நாளும் அவர் மட்டுமே செய்யும் ஒரு வேலை இருக்கட்டும். பின்னேரம் வயலிலிருந்து வந்து மேல்கழுவியதும் பிள்ளையை அரைமணி நேரம் தூக்கி வைத்திருப்பது, இரவில் பால் குடித்த பின் தோளில் போட்டு ஏவறை வரச் செய்வது, தொட்டிலில் ஆட்டி உறங்க வைப்பது, இவற்றில் ஒன்று போதும். முதலில் பிள்ளை அழும். அழட்டும். மாமி ஓடிவந்து வாங்கிக் கொள்ளாமல் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். தூக்கித் தூக்கித்தான் தகப்பனின் கை பழகும்.

2. கிளினிக்குக்கு இருவரும் போதல். நிறை பார்க்கும் நாளிலும் தடுப்பூசி நாளிலும் மாமியோடு மட்டும் போவது வழக்கம். மாதத்தில் ஒரு முறையாவது கணவன் கூடப் போகட்டும். பிள்ளையின் நிறை வரைபைப் பார்த்து மருத்துவமாது சொல்வதை அவரும் கேட்கட்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரும் வேண்டியதில்லை என்பதைத் தகப்பனும் அறிந்தால், யாராவது சீனித்தண்ணீர் கொடுக்கச் சொல்லும்போது மனைவி தனியாக வாதாட வேண்டியதில்லை.

3. ஒரு கோப்பைத் தேநீர் நேரம். பிள்ளை உறங்கியபின் கணவனும் மனைவியும் கால் மணி நேரம் தனியாக இருந்து பேசுதல். முதலில் கடன், உரம், மின்சாரக் கட்டணம் பற்றிய பேச்சு வேண்டாம். “இன்றைக்கு உங்களுக்கு எது கஷ்டமாக இருந்தது?” என்று ஒருவரை ஒருவர் கேட்கட்டும். கேட்பவர் உடனே புத்தி சொல்லத் தொடங்காமல் கேட்டுக்கொண்டிருந்தாலே பாதிப் பாரம் குறையும்.

4. பாய் உள்ளே வரட்டும். நாற்பது நாள் முடிந்ததும் மாமி தாமாகவே அறையை விட்டுக் கொடுப்பது நல்லது. இளையவர்கள் வெட்கத்தால் கேட்கமாட்டார்கள். தாம்பத்திய உறவைப் பொறுத்தவரை, தாயின் உடலும் மனமும் ஆறும்வரை கணவன் பொறுமை காக்கவேண்டும். உறவு இல்லாத நாட்களிலும் பக்கத்தில் இருப்பதும் கையைப் பிடிப்பதும் உண்டு. ஒரு பிள்ளை பிறந்து குறைந்தது இரண்டு வருடமாவது கழிந்து அடுத்த கருவைத் தாங்குவதே தாய்க்கும் பிள்ளைகளுக்கும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதற்கான வழிகளை இருவரும் சேர்ந்தே மருத்துவமாதுவிடம் கேட்டறியலாம்.

5. பெரியவர்கள் கேட்டுவிட்டுச் செய்தல். பெயர் வைப்பது, முதற்சோறு கொடுப்பது, வைத்தியரிடம் கொண்டுபோவது முதலியவற்றில் “உங்கட வாப்பாக்கிட்டயும் கேட்டுச் செய்வம்” என்று மாமி சொல்லும் ஒரு சொல், மருமகனை விருந்தாளியிலிருந்து வீட்டுக்காரர் ஆக்கிவிடும்.

தூரத்தில் இருக்கும் கணவன்

2021இல் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டபோது எமது வயல்கள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதைத் தொடர்ந்த பொருளாதார நெருக்கடியில், 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் தொழிலுக்காக வெளிநாடு சென்றனர். தவழும் பிள்ளையை விட்டுக் கட்டாருக்கும் சவூதிக்கும் போன தகப்பன்மார் எமது ஊர்களிலும் உள்ளனர்.

அவர்களுக்கும் மேற்சொன்னவை பொருந்தும். தொலைபேசியில் பேசும்போது பேச்சு முழுவதும் அனுப்பிய காசைப் பற்றியதாக இருந்தால், அவர் வீட்டுக்கு ஒரு வங்கி போலாகிவிடுவார். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பிள்ளைக்கு அவருடைய குரலைக் கேட்கச் செய்யுங்கள். பிள்ளை உறங்கியபின் இருவருக்குமென ஐந்து நிமிடம் வையுங்கள். பிள்ளையைப் பாலர் பாடசாலையில் சேர்ப்பது போன்ற தீர்மானங்களை முடித்துவிட்டுச் சொல்லாமல், முன்கூட்டியே அவரிடமும் கேளுங்கள். அவர் விடுமுறையில் வரும்போது பிள்ளை அவரைக் கண்டு அழுதால், சிரித்து விளையாட்டாக்காமல், பிள்ளை பழகும் வரை இருவரையும் சற்று விட்டுவிடுங்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறி

பிள்ளை பிறந்த சில நாட்களில் தாய்க்கு அழுகை வருவது சாதாரணம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகக் கவலை நீடித்தால், பிள்ளை உறங்கும்போதும் அவளுக்கு உறக்கம் வராவிட்டால், பிள்ளையின் மேல் பிடிப்பில்லை என்றோ வாழவே விருப்பமில்லை என்றோ அவள் சொன்னால், அது நோய். கண்ணூறு என்றும், கொழுப்பு என்றும் சொல்லிக் காலம் கடத்தவேண்டாம். உடனே மருத்துவமாதுவிடமோ வைத்தியசாலையிலோ சொல்லுங்கள். குணப்படுத்தக்கூடிய நோய் இது. இதை முதலில் காணக்கூடியவர் அருகில் உறங்கும் கணவனே. அவரது பாய் விறாந்தையில் இருந்தால் அவர் எப்படிக் காண்பார்?

குழுவாகக் கலந்துரையாட

மாதர் சங்கக் கூட்டத்திலோ, விவசாயிகள் கூட்டத்திலோ, முடிந்தால் இளம் தம்பதியரையும் மாமிமாரையும் ஒன்றாக இருத்தியோ பின்வருவனவற்றைப் பேசலாம்.

அ) எமது ஊரில் பிள்ளை பிறந்த வீட்டில் வாப்பாவுக்கு என்ன வேலைகள் உண்டு? இன்னும் எவற்றைக் கொடுக்கலாம்?

ஆ) மருமகன் வீட்டில் விருந்தாளியாக உணர்வது எப்போது? வீட்டுக்காரராக உணர்வது எப்போது?

இ) கணவனும் மனைவியும் தனியாகப் பேச எமது வீடுகளில் எந்த இடம், எந்த நேரம் உண்டு? இல்லையென்றால் அதை யார் ஏற்படுத்தித் தரலாம்?

ஈ) இவ்வாரத்தில் எமது வீட்டில் மாற்றக்கூடிய ஒரு சிறு விடயம் எது?

பிள்ளைக்குச் சட்டை வாங்கலாம், தொட்டில் வாங்கலாம். உம்மாவும் வாப்பாவும் ஒருவரோடொருவர் சிரித்துப் பேசும் வீட்டை மட்டும் கடையில் வாங்க முடியாது. அதை அவ்விருவரும்தான் அமைக்கவேண்டும். பெரியவர்களாகிய நாம் செய்யவேண்டியது, அவர்களுக்குச் சற்று விலகி இடம் விடுவதே.