வண்டியின் பீப் சத்தமும் டிரைவரின் கவனமும்

(இயந்திரவியல் இறுதியாண்டு மாணவன்)



தர்மபுரியிலிருந்து சேலம் போன யாருக்கும் தொப்பூர் கணவாயை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இங்கேதான் வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. 2020 டிசம்பர் 12 அன்று ஒரு லாரி கட்டுப்பாட்டை இழந்து பல வாகனங்கள் மீது மோதியதில் 4 பேர் இறந்தனர். 2024 ஜனவரி 24 அன்று மறுபடியும் லாரி விபத்து, மறுபடியும் 4 உயிர்கள்!

"இனிமே புது வண்டியில எலக்ட்ரானிக்ஸே எல்லாத்தையும் பாத்துக்கும்" என்று நம் வகுப்பிலேயே சிலர் சொல்கிறார்கள். இது பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சற்று சிந்திப்போம்.

மனச்சுமை என்றால் என்ன?

லாரிக்கு லோடு இருப்பதுபோல மனதுக்கும் லோடு உண்டு. இதை அளக்க அமெரிக்காவின் நாசா நிறுவனம் ஒரு முறை வைத்திருக்கிறது. மன உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, வேலை முடிந்த திருப்தி, முயற்சி, எரிச்சல் என்ற 6 தலைப்புகளில் வேலை செய்தவரையே மதிப்பெண் போடச் சொல்வார்கள்.

சுமை அதிகமானால் தவறு வரும். இது நமக்குத் தெரியும். ஆனால் சுமை மிகவும் குறைந்தாலும் தவறு வரும்! இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையையே பார்த்துக் கொண்டிருந்தவர்கள் சிக்னலைக் கோட்டை விட்டார்கள். காரணம் தேடிய மேக்வொர்த் என்ற ஆங்கிலேய உளவியலாளர், கடிகார முள் எப்போதாவது இரண்டு மடங்கு தாவுவதைக் கண்டுபிடிக்கும் வேலையை ஆட்களுக்குக் கொடுத்தார். முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் சரிந்துவிட்டது என்று 1948-ல் எழுதினார். சும்மா பார்த்துக்கொண்டே இருப்பது மனிதனுக்கு ஒத்துவராத வேலை.

கருவி ஓட்டினால் மனிதன் காவலாளி

குரூஸ் கன்ட்ரோல் வேகத்தைப் பார்த்துக்கொள்கிறது. லேன் கருவி கோட்டைப் பார்த்துக்கொள்கிறது. அப்போது டிரைவர் யார்? ஓட்டுநராக இருந்தவர் காவலாளி ஆகிவிடுகிறார். சுலபமான வேலையைக் கருவி எடுத்துக்கொள்ள, கஷ்டமான நேரம் மட்டும் பழக்கம் விட்டுப்போன மனிதன் தலையில் விழுகிறது. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற அம்மையார் 1983-லேயே இந்த முரண்பாட்டை எழுதிவிட்டார். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபர் நிறுவனத்தின் தானியங்கிச் சோதனைக் கார் மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் இறந்தார். கண்காணிக்க உட்கார்ந்திருந்தவர் செல்போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது.

தொப்பூரில் கணக்கு எப்படி?

நம் ஊர் இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று சிலர் நியூட்ரலில் விடுகிறார்கள். அப்போது இன்ஜின் இழுவை கிடைக்காது, முழுப் பாரமும் பிரேக் மேல்தான். வேகம் 40 கி.மீ.யிலிருந்து 60 ஆனால் இயக்க ஆற்றல் 2.25 மடங்கு ஆகிறது. அதோடு இறக்கம் தரும் ஆற்றலும் சேர்ந்து டிரம்மில் வெப்பமாகும். டிரம் சூடேறினால் பிரேக் பிடிக்காது. 2015 முதல் புதிய கனரக வாகனங்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். ஆனால் ஏ.பி.எஸ். சக்கரம் லாக் ஆகாமல் மட்டுமே காக்கும், சூடான டிரம்மைக் குளிர வைக்காது! "ஏ.பி.எஸ். இருக்குது" என்ற தைரியத்தில் கியரை விட்டால் கருவியே ஆபத்தாகிவிடும்.

பீப் சத்தமும் அப்படித்தான். 2019 ஜூலை முதல் புதிய கார்கள் 80 கி.மீ.யைத் தாண்டினால் பீப் அடிக்கும். எச்சரிக்கை நல்லதுதான். ஆனால் காரணமில்லாமல் அடிக்கடி அடித்தால் 'புலி வருது' கதையாகிவிடும். உண்மையான புலி வரும்போது காது கேட்காது.

என் அப்பா லாரி டிரைவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல். அவர் ஓட்டும் புது வண்டியில் விளக்குகள் ஏராளம், விளக்கப் புத்தகமோ இங்கிலீஷில். சாவி கொடுத்தபோது யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் படித்துப் படித்துச் சொல்ல, அவர் கேட்டார்: "பீப் அடிச்சா நான் ரோட்டைப் பாக்கறதா, வெளக்கைப் பாக்கறதா?" மனச்சுமைப் பாடம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. எந்தச் சத்தம் எதற்கு என்று முன்பே தெரிந்தவர் ரோட்டைப் பார்ப்பார். தெரியாதவர் விளக்கைத் தேடுவார். 60 கி.மீ. வேகத்தில் 2 விநாடி தேடினால் வண்டி 33 மீட்டர் போய்விடும்!

நாம் செய்ய வேண்டியது

நாளை நம்மில் பலர் சர்வீஸ் சென்டரிலும் தொழிற்சாலையிலும் வேலைக்குச் சேர்வோம். அப்போது:

1. வண்டியை ஒப்படைக்கும்போது ஒவ்வொரு விளக்கையும் சத்தத்தையும் தமிழில் விளக்குவோம்.
2. கருவி என்ன செய்யும் என்பதோடு, என்ன செய்யாது என்பதையும் சொல்வோம்.
3. தவறாக அடிக்கும் சென்சாரின் ஒயரைப் பிடுங்கிவிடாமல் சரிசெய்து கொடுப்போம்.
4. இறக்கத்தில் கியர்தான் முதல் பிரேக் என்பதைச் சொல்லாமல் யாரையும் அனுப்ப மாட்டோம்.

இதற்குப் பத்து நிமிடம் போதும். ஸ்பேனர் பிடிக்கும் கைக்கு அந்தப் பத்து நிமிடமும் வேலைதான்.