உலை மாறும்போது உழைப்பவர் நிலை

தூய தொழில்நுட்பத்துக்குக் கடன் கோரி வரும் தொழில்முனைவோர் பலர், எரிபொருள் செலவு எவ்வளவு குறையும் என்பதைத் துல்லியமாகக் கணக்கிட்டு வருகின்றனர். தொழிலாளர் நிலை எவ்வாறு மாறும் என்பதற்குத் திட்ட அறிக்கையில் பெரும்பாலும் இடமிருப்பதில்லை. அதன் தேவையை உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத் உணர்த்துகிறது.

கண்ணாடி வளையலுக்குப் பெயர்பெற்ற அந்நகரம், தாஜ் மகாலைச் சுற்றி ஏறத்தாழ 10,400 சதுர கி.மீ. பரப்பில் அமைந்த பாதுகாப்பு மண்டலத்துள் அடங்கும். 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், இம்மண்டலத்தின் 292 ஆலைகள் நிலக்கரியைக் கைவிட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இயலாவிடின் இடம்பெயர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஃபிரோசாபாத்தின் கண்ணாடி உலைகளும் எரிவாயுவுக்கு மாறின.

பணிச்சூழல்: எரிவாயு உலையில் கரிப்புகையும் சாம்பலும் இல்லை. ஆயினும் கண்ணாடி உருகுவதற்கு ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். எரிபொருள் மாறுவதால் மட்டும் உலைமுன் நிற்பவரின் வெம்மை தணியாது. காற்றோட்டமும் ஓய்வு நேரமும் தனியே திட்டமிடப்பட வேண்டியவை.

வேலைவாய்ப்பு: கரி உடைத்தல், உலையில் இடுதல், சாம்பல் அள்ளுதல் ஆகிய வேலைகள் மறைகின்றன. பர்னரையும் வாயு அழுத்தத்தையும் கண்காணிக்கும் திறன் தேவையாகிறது. பழைய தொழிலாளிக்கே அப்பயிற்சியை அளித்தால் அவரது வேலை நிலைக்கும். அவரது அனுபவமும் ஆலைக்கு மிஞ்சும்.

உரிமை: ஆலையுடன் இடம்பெயரும் தொழிலாளிக்குப் பணித்தொடர்ச்சியையும் ஓராண்டு ஊதியத்தை இடமாற்ற ஊக்கத்தொகையாகவும் அத்தீர்ப்பு வழங்கியது. ஆலை மூடப்பட்டால் கிடைக்கும் இழப்பீட்டுக்கோ ஓராண்டுத் தொடர்பணி நிபந்தனையாயிற்று. வளையல் முனைகளை இணைப்பது போன்ற பணிகள் பெருமளவில் வீடுகளிலேயே நடைபெறுகின்றன. பதிவேட்டில் பெயரில்லாதவர் தம் பணிக்காலத்தை எவ்வாறு மெய்ப்பிப்பார்?

எனவே, புதிய உலைக்கோ கொதிகலனுக்கோ கடன் கோரும் வாடிக்கையாளர்கள் மூன்றினைத் திட்ட அறிக்கையில் சேர்த்தல் நலம். முதலாவது, எந்தெந்த வேலைகள் மறையும், அவற்றைச் செய்வோர் எப்பணிக்கு மாற்றப்படுவர் என்ற பட்டியல். இரண்டாவது, பயிற்சிச் செலவும், அக்காலத்துக்கான ஊதியமும். மூன்றாவது, ஒப்பந்தப் பணியாளர் உட்பட அனைவருக்கும் வங்கிக் கணக்கு வழியே ஊதியம். கணக்கில் மாதந்தோறும் பதிவாகும் வரவு, அவர் உழைத்த காலத்துக்குச் சான்றாக நிற்கும். இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் இவற்றுக்கு ஆகும் செலவு சிறிதே.