அப்பா கையெழுத்தை யார் போட்டது?

நண்பர்களே, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ஏழாம் வகுப்பில் தடுப்பூசிக்குச் சம்மதப் படிவம் கொடுத்தாங்க. வீட்ல காட்ட மறந்துட்டு, பிரேயர் மணி அடிக்கிற நேரத்துல அப்பா கையெழுத்தை நானே போட்டேன். அச்சு அசலா இருந்துச்சுன்னு பெருமை வேற! சாயங்காலம் அம்மாவிடம் உளறிவிட்டேன். அம்மா திட்டவில்லை. "மூணு வயசுல ஒரு ஊசி போட்டு, உடம்பெல்லாம் தடிச்சு ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தியே, ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்கள். எனக்கு ஞாபகம் இல்லை. 'ஒவ்வாமை உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று டிக் அடித்தது நான்தான். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் படிவம் வெறும் அனுமதிச் சீட்டு இல்லை. என்ன மருந்து, எதற்கு, என்ன பக்கவிளைவு வரலாம் என்று அவங்க வீட்டுக்குச் சொல்லணும். பிள்ளையின் உடம்பைப் பற்றி வீடு அவங்களுக்குச் சொல்லணும்.

இது தவறினால் என்ன ஆகும்? 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் (இப்போது தெலங்கானா) 10 முதல் 14 வயது மாணவிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஓர் ஆய்வுக்காகப் போடப்பட்டது. பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். 2010-ல் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013-ல் வந்த நாடாளுமன்றக் குழு அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது: ஆந்திராவில் 9,543 படிவங்களில் 2,763-ல் கையெழுத்துப் போட்டது விடுதிக் காப்பாளர்கள்! 1,948-ல் வெறும் கைரேகை. இங்கே குறை ஊசியில் இல்லை, கேட்ட முறையில். ஊருக்குப் போய் அம்மா அப்பாவைக் கேட்க ஒரு பஸ் டிக்கெட்தானே ஆகியிருக்கும்?

2019 ஜனவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வழக்கில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பள்ளியில் போடக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது.

சரி, எல்லாத்துக்கும் கையெழுத்து வேணுமா? கிரவுண்டில் மயங்கி விழுந்தவனுக்கு முதலுதவி செய்யப் படிவம் தேடிட்டிருக்க முடியாது. உயிருக்கு ஆபத்து, பெற்றோரைக் கேட்க நேரமில்லை என்றால், நல்லெண்ணத்தோடு சிகிச்சை கொடுப்பவரைச் சட்டம் காக்கிறது.

மனசுக் கஷ்டம்தான் சிக்கலானது. ஆலோசகரிடம் தொடர்ந்து போவதற்குப் பெரும்பாலும் வீட்டைக் கேட்பார்கள். அதற்குப் பயந்தே பல பேர் வாயைத் திறப்பதில்லை. பிரச்சினையே வீட்டில் இருந்தால் யார் கையெழுத்துப் போடுவது? டீச்சரிடம் போய்ச் சொல்ல எந்தப் படிவமும் கிடையாது. பாலியல் தொந்தரவு என்றால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசில் சொல்லியே ஆகணும். பெற்றோர் சம்மதிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. பிள்ளையே நேராகவும் புகார் சொல்லலாம்.

1098. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைங்க.


— 9-ம் வகுப்பு மாணவி