காய்ச்சல் என்றால் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்



காய்ச்சல் வந்தால் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்கிறோம்? கடையில் இரண்டு பெனடால் வாங்கிப் போடுகிறோம். ஒரு மிளகு ரசம் வைத்துக் குடித்துவிட்டுப் போர்த்திப் படுக்கிறோம். மறுநாள் கொஞ்சம் தேவலை என்றால் பெரட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். "ஒருநாள் வேலைக்குப் போகலேன்னா ஒருநாள் சம்பளம் போச்சே" என்ற கவலைதான் காரணம். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாக் காய்ச்சலும் ரசத்துக்கு அடங்கிவிடாது.

செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்களைக் குறிவைத்து வரும் ஒரு காய்ச்சல் உண்டு. அதுதான் எலிக்காய்ச்சல். மலாய்க்காரர்கள் அதைக் 'கெஞ்சிங் திக்குஸ்' நோய், அதாவது எலி மூத்திர நோய் என்கிறார்கள். டாக்டர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் என்பார்கள். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

முதலில் ஒரு காட்சி. எந்தத் தோட்டத்திலும் நடக்கக்கூடியதுதான்.

மழை விட்ட ஒரு காலை. குலை வெட்டும் தோழர் ஒருவரை அவர் மனைவி கைத்தாங்கலாகக் கிளினிக்குக் கூட்டி வருகிறார்.

"என்னண்ணே, என்ன செய்யுது?"

"நாலு நாளா காய்ச்சல், டிரசர். தலை வெடிக்குது. நேத்து கொறஞ்ச மாதிரி இருந்துச்சு. இன்னைக்குத் திரும்பவும் குளிருது."

"டெங்கியா இருக்குமோன்னு பயமா இருக்குங்க" என்கிறார் மனைவி.

"இருக்கலாம்மா, ரத்தம் பார்த்துடுவோம். வேற எங்கேயாவது வலி இருக்கா?"

"கெண்டைக்கால் சதையைத் தொடவே விட மாட்டேங்குறாரு. கண்ணைப் பாருங்க, கோவைப்பழமாட்டம் இருக்கு. கண்ணுவலின்னு நெனச்சு சொட்டு மருந்து விட்டேன்."

"பூளை தள்ளுதா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"இந்த ரெண்டு வாரமா எங்கண்ணே வேலை?"

"பள்ளத்து நிரையில. தண்ணி தேங்கிக் கெடக்கு. பூட்ஸ் கிழிஞ்சுபோச்சு. சிலிப்பரோடதான் உதிரிப் பழம் பொறுக்குனேன். மட்டை முள்ளு வேற கால்ல கிழிச்சிருச்சு."

"இதை ஏண்ணே மொதல்லயே சொல்லலே?"

"காய்ச்சலுக்கும் நம்ம வேலைக்கும் என்ன சம்பந்தம், டிரசர்?"

சம்பந்தம் இருக்கிறது தோழர்களே. அந்தச் சம்பந்தத்தைத் தெரிந்துகொண்டால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

எலியிடமிருந்து நம் உடம்புக்கு

லெப்டோஸ்பைரா என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. திருகாணி போல் சுருண்டிருக்கும். எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு ஒன்றும் ஆகாது. அது பாட்டுக்கு ஓடியாடித் திரியும். ஆனால் அது மூத்திரம் பெய்யும் இடமெல்லாம் கிருமியும் விழும். ஈர மண்ணிலும் தேங்கிய நல்ல தண்ணீரிலும் அந்தக் கிருமி பல நாள், சில வேளை வாரக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். வெயிலும் காய்ச்சலான தரையும்தான் அதற்கு எமன்.

அந்தத் தண்ணீரில் நாம் காலை வைக்கும்போது, தோலில் இருக்கும் கீறல், புண், வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகிறது. நெடுநேரம் தண்ணீரில் ஊறிய தோல் வழியாகவும் போகலாம். கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும். ஆடு, மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் மூத்திரத்திலும் இந்தக் கிருமி இருக்கக்கூடும். லயத்துக்குப் பின்னால் மாடு வளர்க்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு இது சாதாரணமாகத் தொற்றுவதில்லை. ஆகவே நோயாளியை ஒதுக்கி வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுக்கலாம். பயமில்லை.

செம்பனைக் காட்டில் ஏன் இத்தனை எலி? 1917 ஆம் ஆண்டில் சிலாங்கூரிலுள்ள தெனமாரம் தோட்டத்தில் வியாபாரத்துக்காகச் செம்பனை நட்டார்கள். 1960களுக்குப் பிறகு பால்மரக் காடுகள் பலவற்றை அழித்துச் செம்பனை போட்டார்கள். பால்மரத்தில் எலிக்கு அவ்வளவாகத் தீனி இல்லை. செம்பனையிலோ வருஷம் முழுவதும் எண்ணெய்ப் பழம். மரத்திலும் பழம், தரையிலும் உதிரிப் பழம். அடுக்கிக் கிடக்கும் காய்ந்த மட்டைகளோ எலிக்குச் சொந்த வீடு. நமக்கு வேலை கொடுக்கும் மரமே அதற்குச் சோறு போடுகிறது.

இது புதிய நோயுமல்ல. ஜெர்மானிய டாக்டர் அடோல்ஃப் வெயில் 1886 இல் இதன் கடுமையான வகையை விவரித்து எழுதினார். 1915 வாக்கில் ஜப்பானிய அறிஞர்கள் இனாதாவும் இதோவும் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் கண்ட நோயாளிகளில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் பலர். ஈரமும் எலியும் உள்ள இடத்தில் உடலுழைத்தவர்களையே இந்த நோய் அன்றும் பிடித்தது, இன்றும் பிடிக்கிறது.

நம் நாட்டில் 2010 ஆம் ஆண்டில் பகாங் மாநிலம் மாரான் வட்டாரத்து லுபோக் யூ நீர்வீழ்ச்சிப் பகுதியில், தண்ணீரில் மூழ்கிய ஒருவரைத் தேடப் போனவர்கள் பலர் நோயில் விழுந்தார்கள். எலிக்காய்ச்சலோடு, மண்ணிலிருந்து தொற்றும் மெலியோய்டோசிஸ் என்ற வேறொரு நோயும் அவர்களைத் தாக்கியது. எட்டுப் பேர் மாண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து, எலிக்காய்ச்சலைக் கண்டால் டாக்டர்கள் சுகாதார இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டமாயிற்று. 2014 டிசம்பரில் கிளந்தானில் பெருவெள்ளம் வந்து வடிந்த பிறகும் இந்த நோய் அதிகமானது.

எப்படிக் கண்டுகொள்வது?

கிருமி உடம்பில் புகுந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் தொடங்கும். இரண்டு நாளிலும் வரலாம், ஒரு மாதம் கழித்தும் வரலாம். ஆகவே "நேற்று என்ன செய்தேன்" என்று மட்டும் யோசித்தால் போதாது. போன மாதம் முழுவதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

திடீரென்று கடுங்காய்ச்சல், குளிர் நடுக்கம், பொறுக்க முடியாத தலைவலி வரும். உடம்பெல்லாம் நோவு. அதிலும் கெண்டைக்காலும் இடுப்பும் அதிகமாக வலிக்கும். கண் சிவக்கும், ஆனால் பூளை தள்ளாது. சிலருக்கு வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கும் இருக்கும். எல்லா அடையாளமும் எல்லாருக்கும் வராது.

இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. சில நாளில் காய்ச்சல் தணிந்து, ஆள் தேறிவிட்டது போலத் தெரியும். பிறகு திரும்பவும் ஏறும். "விட்டுப்போச்சு" என்று வேலைக்குப் போய், மறுபடியும் படுக்கையில் விழுகிறவர்கள் உண்டு.

பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் நோய் முற்றுகிறது. அப்போது கண்ணும் தோலும் மஞ்சளாகும். மூத்திரம் குறையும், சிறுநீரகம் வேலை செய்யாது. மூச்சு வாங்கும், இருமினால் ரத்தம் வரும். இந்த அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. "மஞ்சக்காமாலைதானே, கீழாநெல்லி கொடுப்போம்" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஏன் வேலையைச் சொல்ல வேண்டும்?

டெங்கியும் எலிக்காய்ச்சலும் முதல் சில நாள் அண்ணன் தம்பி போலவே இருக்கும். பட்டணத்து டாக்டர் நம்மைப் பார்க்கும்போது நாம் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறோம். நாம் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் வேலை செய்தவர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எலிக்காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை முதல் சில நாளில் நோயைக் காட்டாமலும் போகலாம். முடிவு வரவும் நாளாகும். அதனால் சந்தேகம் வந்தால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவார்கள். அந்தச் சந்தேகத்தை அவர் மனத்தில் எழுப்புவது நம் வாய்ச்சொல்தான்.

"டாக்டர், நான் செம்பனைத் தோட்டத்துல வேலை செய்றேன். அங்கே எலி ஜாஸ்தி. தண்ணியில நின்னேன். கால்ல காயம் இருக்கு."

இவ்வளவு சொன்னால் போதும். தமிழ் தெரியாத டாக்டராக இருந்தால் மலாயில் சொல்லுங்கள்: "சாயா கெர்ஜா லாடாங், பாஞாக் திக்குஸ்." பக்கத்து வீட்டில் இருக்கும் வங்காளதேச, இந்தோனேசிய, நேப்பாளத் தோழர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். அவர்களும் நம்மோடு அதே நிரையில்தான் நிற்கிறார்கள்.

வைத்தியம் அபூர்வமானதல்ல. ஆரம்பத்திலேயே பிடித்தால் டாக்ஸிசைக்ளின், அமோக்ஸிசிலின் போன்ற சாதாரண மருந்துகளே கேட்கும். முற்றிவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி மருந்து ஏற்ற வேண்டும். சிலருக்குச் சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் கொண்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். மாத்திரையில் முடிகிற காரியத்தை இயந்திரம் வரை கொண்டுபோக வேண்டாம்.

மருந்தை நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். டாக்ஸிசைக்ளின் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், புரூஃபென் போன்றவற்றையும் தொடாதீர்கள். டெங்கியாக இருந்தால் ரத்தக்கசிவு உண்டாகும்.

சம்பளம் போய்விடுமே?

தீபகற்ப மலேசியாவில் 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் எம்.சி. கொடுத்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். ஆனால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். மண்டோரிடமாவது சொல்லி அனுப்புங்கள். எம்.சி. தாளைப் பத்திரமாக வையுங்கள்.

வேலையால் வரும் நோய்க்கு, 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் சொக்சோவில் மனுச் செய்யலாம். 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வேலை விபத்து, தொழில் நோய்த் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இங்கேயும் பாருங்கள், டாக்டரின் ஏட்டில் உங்கள் வேலை எழுதப்பட்டிருந்தால்தான் மனுவுக்குப் பலம்.

வராமல் தடுக்க

காலுக்குக் கிழியாத ரப்பர் பூட்ஸ், கைக்குக் கையுறை. இவை ஆடம்பரம் அல்ல, உயிர்க்கவசம். 1994 ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாப்புக்காகக் கொடுக்கும் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு வசூலிக்கக் கூடாது. கிழிந்த பூட்ஸோடு வேலைக்குப் போகாதீர்கள். கேளுங்கள். கிடைக்காவிட்டால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

காயத்தைத் தண்ணீர் புகாத பிளாஸ்திரி போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவுங்கள். கழுவாத கையால் சோறு சாப்பிடவோ வெற்றிலை மடிக்கவோ வேண்டாம். காட்டுக்குக் கொண்டுபோகும் சோற்றுப் பாத்திரத்தைத் தரையில் வைக்காமல், மூடி, உயரத்தில் தொங்க விடுங்கள்.

வீட்டில் குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும். மிச்சச் சோற்றைப் பின்கட்டில் கொட்டாதீர்கள். குடிதண்ணீரைக் கொதிக்க வையுங்கள். எலி ஓடிய இடத்தைக் கூட்டுவதற்கு முன், ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிக் கழுவுங்கள். மழை பெய்ததும் பிள்ளைகள் கால்வாயில் குதிப்பது வழக்கம். கொஞ்ச நாளைக்குக் கண்டிப்பாக இருங்கள் தாய்மார்களே.

இன்னொன்று. ஆந்தை அலறினால் கெடுதி என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். தோட்டத்தில் கூகை அலறினால் கெடுதி எலிக்குத்தான். 1980களிலிருந்து நம் நாட்டுச் செம்பனைக் காடுகளில் பெட்டிக்கூடு வைத்து அந்தப் பறவையை வளர்க்கிறார்கள். அதற்கு எலிதான் முக்கிய இரை. கல்லெறிந்து விரட்டாதீர்கள்.

கத்தரித்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்

1. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.
2. டாக்டர் கேட்காவிட்டாலும் என்ன வேலை, எங்கே நின்றீர்கள், எங்கே காயம் என்று சொல்லுங்கள்.
3. காய்ச்சல் விட்டது என்று ஏமாறாதீர்கள். கொடுத்த மருந்தை முழுவதும் சாப்பிடுங்கள்.
4. மஞ்சள், மூத்திரக் குறைவு, மூச்சுத்திணறல், ரத்தம்: உடனே ஆஸ்பத்திரி.
5. எம்.சி. வாங்குங்கள். 48 மணி நேரத்துக்குள் தகவல் கொடுங்கள்.

ஒருநாள் சம்பளத்தை அடுத்த மாதம் சம்பாதித்துக்கொள்ளலாம். குடும்பத் தலைவரைத் திரும்பச் சம்பாதிக்க முடியாது. இந்தப் பக்கத்தைப் படித்தவர்கள், படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டாருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.