உப்பா, கரியா, பேஸ்டா? உப்பளக்கரைப் பிள்ளைகளின் பால்பல்லுக்கு ஒரு வழிகாட்டி

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்தப் பெயரில் இருக்கும் எயில் என்றால் மதில். பல்லைக் குறிக்கும் எயிறு வேறு சொல். ஆனால் பல்லுக்கும் ஒரு மதில் உண்டு. எனாமல் என்கிற அந்த வெள்ளை மதில், நிலைத்த பல்லில் இருப்பதைவிடப் பால்பல்லில் மெல்லியது. அதனால்தான் குழந்தையின் பல்லில் சொத்தை விழுந்தால் உள்ளே வேகமாக இறங்கிவிடுகிறது.

உப்பு வாரும் பருவத்தில் அம்மாவும் அப்பாவும் வெயிலுக்கு முந்திக்கொள்ள விடியுமுன்னே அளத்துக்குக் கிளம்பிவிடுகிற வீடுகள் மரக்காணத்து உப்பளக்கரையில் நிறைய. பிள்ளையை எழுப்பி வாய் கழுவிவிடுவது ஆயாவின் பொறுப்பு. மாடத்தில் உப்பு, உமிக்கரி, பற்பொடி, பேஸ்ட் நாலும் இருக்கும். எதை எடுப்பது? இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியில் தொடங்கி, சொத்தை விழுந்தால் எங்கே போவது என்பதுவரை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கிறது.

“விழப்போற பல்லுதானே?”

ஏறக்குறைய ஆறு மாதத்தில் முதல் பல் முளைக்கிறது. இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபது பால்பற்களும் வந்துவிடும். முன்பற்கள் ஆறு ஏழு வயதில் விழும், உண்மைதான். கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்தாக வேண்டும். பின்னால் வரும் நிலைத்த பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவை அவைதான். முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து வரிசை கலைந்துவிடும்.

ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். பலரும் அதையும் பால்பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல்.

எதைக் கொண்டு தேய்ப்பது?

உப்பு: இந்த ஊரில் உப்பைக் குறைத்துப் பேசுவது எளிதல்ல. ஆனால் உப்புக் கல் பல்லில் தேய்த்தால் அராவும், ஈறைக் கீறும். சொத்தையைத் தடுக்கும் சத்து அதில் இல்லை. “அயோடின் உப்பாச்சே” என்று சிலர் கேட்பார்கள். அயோடின் தைராய்டு சுரப்பிக்கு. பல்லுக்கு வேண்டியது புளோரைடு. சுவிட்சர்லாந்தின் சூரிச் மாநிலத்தில் 1955இலேயே சமையல் உப்பில் புளோரைடு சேர்த்து விற்கத் தொடங்கினார்கள். நம் கடைகளில் விற்கும் அயோடின் உப்பு அந்த வகை அல்ல. ஈறு வீங்கி வலிக்கும்போது வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிப்பது இதமளிக்கும். அதுவும் கொப்பளித்துத் துப்பத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும்.

உமிக்கரி, செங்கல்பொடி: தேய்த்தவுடன் பல் பளிச்சென்று தெரியும். கறையோடு சேர்த்து மதிலையும் அராவித்தான் அந்தப் பளிச்சு வருகிறது. மெல்லிய பால்பல்லுக்கு வேண்டவே வேண்டாம்.

குச்சி: ஆலங்குச்சி, வேலங்குச்சியின் பெருமையைப் பழமொழியிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த வேல், வேப்பமரம் அல்ல, வேலமரம். நன்றாக மென்று நார் பிரித்துத் தேய்க்கத் தெரிந்த பெரியவருக்குக் குச்சி உதவும். மூன்று வயதுப் பிள்ளையால் மெல்லவும் முடியாது, கடைவாய்வரை கொண்டுபோகவும் முடியாது.

பற்பொடி: பொடிக்குப் பொடி தன்மை மாறும். சிலவற்றில் சொரசொரப்பு அதிகம். பெரும்பாலானவற்றில் புளோரைடு இருக்காது. விரலால் தேய்ப்பதால் பல்லின் முகப்புதான் சுத்தமாகும். சொத்தை தொடங்குகிற இடங்களான கடைவாய்ப்பல்லின் மேல்பள்ளமும் இரு பற்களின் இடுக்கும் அப்படியே இருக்கும்.

புளோரைடு பேஸ்டும் சிறிய பிரஷும்: ஒப்பீட்டில் வெல்வது இதுதான். நாம் தின்னும் இனிப்பையும் மாவையும் வாயிலுள்ள நுண்ணுயிரிகள் அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. கரைந்ததை எச்சில் மீண்டும் கொண்டுவந்து சேர்க்கும். அந்தப் பழுதுபார்ப்பைப் புளோரைடு விரைவாகவும் உறுதியாகவும் ஆக்குகிறது. பல்லில் பூச்சி என்று நாம் சொல்வது புழு அல்ல, இந்த அமிலத்தின் வேலை. 2021இல் உலக சுகாதார நிறுவனம் புளோரைடு பேஸ்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

எந்த பேஸ்ட்?

பொம்மைப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்; டியூபைத் திருப்பிப் படியுங்கள். புளோரைடு பேஸ்டில் அதன் அளவை டியூபிலும் அட்டையிலும் அச்சிட வேண்டும், 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1000 பங்கு) தாண்டக் கூடாது என்பது இந்தியச் சட்டம். குழந்தைகளுக்கென்று விற்பவற்றில் சில 500 அளவில் இருக்கின்றன, சிலவற்றில் புளோரைடே இல்லை. சொத்தையைத் தடுப்பதில் தெளிவான பலன் தெரிவது 1000 அளவில்தான். ஆகவே வீட்டுக்கே பொதுவாக 1000 பி.பி.எம். பேஸ்ட் ஒன்று போதும்; தனி டியூபுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. “காரமா இருக்கு” என்று பிள்ளை அழுதால் காரம் குறைந்த ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

அளவில்தான் கவனம் வேண்டும். மூன்று வயதுக்குள் ஒரு அரிசி மணி அளவு. மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க நெளிநெளியாகப் பிதுக்குவது பிள்ளைக்கு ஆகாது. தேய்த்தபின் துப்பச் சொன்னால் போதும். தண்ணீர் விட்டு நன்றாக அலசினால் புளோரைடும் சேர்ந்து போய்விடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணீரில் புளோரைடு மிகுந்து பல் கறையானதைக் கேள்விப்பட்டவர்கள் பயப்படுவது நியாயம். அங்கே சிக்கல், ஆண்டுக்கணக்கில் குடிநீரோடு உள்ளே போன புளோரைடு. அரிசி மணி அளவு பேஸ்ட் அந்தக் கணக்கில் வராது. உங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் என்று சோதனையில் வந்தால் மட்டும் பல் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

காலையா, இரவா? யார் தேய்ப்பது?

இரண்டு வேளையும் தேய்ப்பது நல்லது. ஒருவேளைதான் முடியும் என்றால் இரவைத் தேர்ந்தெடுங்கள். தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும்; பல்லில் ஒட்டிய இனிப்பைக் கழுவ ஆள் இருக்காது. உப்பளத்து வீட்டுக்கு இது தோதும்கூட: காலையில் இல்லாத அம்மா இரவில் இருக்கிறார். மறுநாள் விடியுமுன்னே எழ வேண்டிய களைப்பில் படுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இரவுச் சோறு முடிந்த கையோடு தேய்த்துவிடுங்கள். அதன்பின் தண்ணீர் மட்டும்.

பிள்ளை தானே தேய்க்கட்டும் என்று விடுவதா, நாம் தேய்ப்பதா? ஏழெட்டு வயதுவரை நாம்தான். தானே தேய்க்க ஆசைப்பட்டால் அவன் முதலில், நாம் பிறகு. பேன் பார்க்க மடியில் தலை சாய்க்கிற மாதிரி படுக்கவைத்தால் மேல்வரிசைக் கடைவாய்வரை தெளிவாகத் தெரியும். பல் முளைக்காத குழந்தைக்கு ஈரத்துணியால் ஈறைத் துடைத்தால் போதும். முதல் பல் தலைகாட்டிய நாளிலிருந்து பிரஷ்.

பெட்டிக்கடையில் எதை வாங்கித் தருவது?

எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு ஒட்டும் என்பதே முக்கியம். 1940களில் சுவீடனின் விபேஹோல்ம் விடுதியில் இருந்த மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு ஒட்டும் டாஃபியை அடிக்கடி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் சம்மதமின்றி நடந்த, இன்று யாரும் ஏற்காத சோதனை அது. ஆனால் வேளைகளுக்கு இடையே தின்னும் ஒட்டும் இனிப்புதான் பல்லை அதிகம் கெடுக்கிறது என்று காட்டியது.

நம் கடையில் இதைப் பொருத்திப் பாருங்கள். கமர்கட்டும் தேன்மிட்டாயும் கடைவாயில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். டீயில் தோய்த்த பிஸ்கட்டும் பொறையும் மாவாகப் பல்லிடுக்கில் அடையும். பலர் இதை இனிப்பாகவே கணக்கிடுவதில்லை. இவற்றைவிட வேர்க்கடலை, சுண்டல், வெள்ளரிப்பிஞ்சு, வாழைப்பழம் மேல். மிட்டாய் தந்தே ஆக வேண்டுமென்றால் சோற்றோடு சேர்த்து ஒரே தடவையில் தந்து முடித்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் மோசம், சர்க்கரை போட்ட பால்புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவைப்பது. மேல் முன்பற்கள் வரிசையாகக் கறுப்பது பெரும்பாலும் இதனால்தான். தாய்ப்பாலை இதற்காக நிறுத்த வேண்டாம். பல் முளைத்தபின் இரவில் தேய்த்துவிட்டால் போதும்.

சொத்தை தெரிந்தபின்

மாதம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. இந்த நிலையில் மருத்துவர் பூசும் புளோரைடு வார்னிஷ் அதைத் திருப்பிவிடக்கூடும்.

குழியாகிவிட்டால் இரண்டு வழி. ஒன்று, சில்வர் டயமீன் புளோரைடு என்ற திரவத்தைத் தொட்டு வைப்பது. ஊசி இல்லை, குடைதல் இல்லை, பயந்த பிள்ளைக்கு ஏற்றது. ஆனால் சொத்தை நின்ற இடம் கறுத்தே இருக்கும். இன்னொன்று, குழியைச் சுத்தம் செய்து அடைப்பது. கடைவாயில் கறுப்பு தெரியாது என்பதால் முதல் வழியே போதுமானதாக இருக்கலாம். முன்பல்லில் அழகு பெரிதென்றால் அடைப்பதைக் கேளுங்கள். வீக்கம், காய்ச்சல், இரவில் எழுப்பும் வலி இருந்தால் தேர்வுக்கு இடமில்லை. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கிராம்பெண்ணெயும் புகையிலையும் குழந்தை வாய்க்கு ஆகா.

எங்கே போவது?

முதலில் காசில்லாத வழி. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பல் சொத்தையும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் உண்டு. அந்த நாளில் பிள்ளையைத் தவறாமல் அனுப்புங்கள். சீட்டு எழுதித் தந்தால் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, தூரம். திண்டிவனமும் புதுச்சேரியும் மரக்காணத்திலிருந்து ஏறக்குறைய 35 கி.மீ. வலிக்கோ பிடுங்குவதற்கோ திண்டிவனம் அரசு மருத்துவமனையை நாடலாம். பால்பல் வேருக்கான சிகிச்சை, பல சொத்தைகளை ஒன்றாகக் கவனிப்பது போன்றவற்றுக்குக் கோரிமேட்டில் புதுச்சேரி அரசின் மகாத்மா காந்தி முதுநிலைப் பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஜிப்மரிலும் பல் மருத்துவப் பிரிவு உண்டு. அளத்தில் ஒருநாள் கூலி போகுமே என்று தள்ளிப்போட்டால், சின்னக் குழிக்கு ஒருமுறை போவது, ஆழமான சொத்தைக்கு நாலுமுறை போவதாக முடியும். மழைக்காலத்தில் அளம் ஓய்ந்திருக்கும்போது, வலி இல்லாவிட்டாலும், ஒருமுறை காட்டிவிட்டு வருவது கணக்குக்கு ஒத்துவரும்.

முடிவாக

கையில் காசும் நேரமும் குறைவென்றால் மூன்றை மட்டும் செய்யுங்கள். 1000 பி.பி.எம். பேஸ்ட் ஒன்று வாங்குங்கள். இரவுச் சோற்றுக்குப்பின் மடியில் சாய்த்து நீங்களே தேய்த்துவிடுங்கள். சர்க்கரைப் பால்புட்டியைப் படுக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். உப்பு குழம்பில் இருக்கட்டும்.