'கர்நாடகம்' எழுதிய விமர்சனம்

அரியலூரிலிருந்து தஞ்சைக்குப் பேருந்தில் செல்கையில் கீழப்பழுவூர் வந்ததும் நம்மில் பலருக்குப் 'பொன்னியின் செல்வன்' நினைவு வரும். பழுவேட்டரையர்களின் ஊரல்லவா! அக்கதையை எழுதிய கல்கியை நாவலாசிரியராக நாம் நன்கறிவோம். அவர் பல ஆண்டுகள் கச்சேரி விமர்சனமும் எழுதினார் என்பதை அறிந்தவர் நம்மிடையே சிலரே.

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899-ஆம் ஆண்டு மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். திருச்சியில் படித்தவர், ஒத்துழையாமை இயக்கத்திற்காகப் பள்ளியை விட்டார், சிறையும் சென்றார். 1923-இல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் சேர்ந்தார். பின்பு 'ஆனந்த விகடன்'. அங்கேதான் 'ஆடல் பாடல்' என்ற பகுதியைக் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் எழுதினார். கர்நாடகம் என்பது சங்கீதத்தையும் குறிக்கும். 'பழம் பஞ்சாங்கம்' என்ற கேலியையும் குறிக்கும். பெயரிலேயே ஒரு சிரிப்பு!

அவர் மேடையேறிய வித்துவான் அல்லர். பாடத் தெரியாதவர் பாட்டைக் குறை கூறலாமா என்று கேட்கத் தோன்றும். சமைக்கத் தெரியாதவருக்கும் உப்புக் குறைந்தது தெரியுமே! கேட்பவர் வரிசையில் அமர்ந்து, கேட்பவருக்காகவே அவர் எழுதினார். கச்சேரியே கேட்டிராதவர்களும் நகைச்சுவைக்காகப் படிக்கத் தொடங்கி, சங்கீதத்தில் நாட்டம் கொண்டனர்.

1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு கடைசியில் 'துக்கடா'வாக மட்டும் ஒலிப்பதா என்பதே கேள்வி. இசைக்கு மொழி முக்கியமன்று என்று எதிர்த்தோர் பெரிய வித்துவான்கள். கல்கியோ பொருள் விளங்கிக் கேட்பதே இன்பம் என்று வாதாடினார். தியாகராஜரின் கீர்த்தனைகளை விலக்கச் சொன்னாரில்லை. அவற்றில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு. அதே ஆண்டு சதாசிவத்துடன் 'கல்கி' இதழைத் தொடங்கினார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமும் தோன்றிற்று.

இங்கே நாம் ஒன்று வினவ வேண்டும். சதாசிவத்தின் துணைவியார் எம்.எஸ். சுப்புலட்சுமி, 1945-இல் வெளிவந்த 'மீரா' படத்தில் அவர் பாடிய 'காற்றினிலே வரும் கீதம்' கல்கி எழுதியது. நண்பர் வீட்டுப் பாட்டை ஒருவர் நடுநிலையோடு எடைபோட முடியுமா? எம்.எஸ்ஸைப் பற்றி அவர் எழுதியவற்றை இந்த ஐயத்தோடு படிப்பதே முறை. ஆனால் தமிழிசைக்காக அவர் வாதாடியது பகையைச் சம்பாதித்துத் தந்த வேலை. அதில் நண்பருக்காக எழுதினார் என்று சொல்ல இடமில்லை.

கல்கி 1954-இல் மறைந்தார். அவருடைய இசைக் கட்டுரைகள் 'சங்கீத யோகம்' என்னும் நூலில் உள்ளன. நூலகத்தில் நாவல்கள் இருக்கும் அடுக்கில் தேடினால் அகப்படாது. கட்டுரை அடுக்கில் பார்க்க வேண்டும்.