சதுப்பு நிறத்தில் ஒரு பழைய துப்பாக்கி

அன்புள்ள தம்பிக்கு,

படங்கள் வந்தன. நம் ஊர் மாமனார் தலைதீபாவளிக்கு மோதிரம் போடுவார். உன் ஆர்கன்சா மாமனார் தன்னுடைய ரெமிங்டன் 870 துப்பாக்கியையே எடுத்துக் கொடுத்துவிட்டார். குழல் நெடுகத் துருப்புள்ளி, கட்டையில் வார்னிஷ் உரிந்து கிடக்கிறது. வாத்து சீசனுக்குள் இதற்குச் சதுப்பு நில வண்ணம் அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய்.

அடிக்கலாம். 1950களின் தொடக்கத்தில் கடைக்கு வந்த இந்த மாடல் ஒரு கோடிக்கும் மேல் செய்யப்பட்டது. அதில் ஒன்று நிறம் மாறினால் யாருக்கும் நஷ்டமில்லை. பழைய வின்செஸ்டர் மாடல் 12 என்றோ, பெல்ஜியத்தில் செய்த ப்ரௌனிங் ஆட்டோ-5 என்றோ எழுதியிருந்தால் கை வைக்காதே என்றிருப்பேன். அவற்றைச் சேகரிப்பவர்கள் தேய்ந்துபோன பழைய பூச்சுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். மினுக்கிவைத்தால் விலை இறங்கிவிடும். பழைய இரட்டைக்குழலில் இன்னொரு வம்பும் உண்டு. இரண்டு குழலையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஈயப்பற்று. கடைகளில் கருநீலம் ஏற்றும் சூடான ப்ளூயிங் தொட்டியில் இறக்கினால், அதிலுள்ள காரம் பற்றை அரித்துவிடும். உன்னுடையது ஒற்றைக்குழல், அந்தக் கவலை இல்லை.

வண்ணம் எதற்கு என்பதை முதலில் யோசி. வாத்துக்கு நிறம் நன்றாகவே தெரியும்; நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதாக் கதிர்கூட அதற்குத் தெரியும். ஆனாலும் ஆர்கன்சாவில் ஸ்டட்கார்ட் பக்கத்து வெள்ளக்காட்டில், சாய்ந்த காலை வெயிலில் அதை விரட்டியடிப்பது பளபளப்பும் அசைவும்தான். குழலின் மினுமினுப்பையும், அண்ணாந்து பார்க்கும் உன் முகத்தின் வெளுப்பையும் அது மேலிருந்தே பார்த்துவிடும். ஆகவே துப்பாக்கிக்குப் பளபளப்பு இல்லாத பூச்சும், உனக்கு முகத்துணியும் போதும். இலையும் பட்டையும் அச்சுப்போல விழுந்த டிசைன்கள் 1980களில் பிரபலமானவை. 1986இல் ஜார்ஜியாவில் பில் ஜோர்டன் ரியல்ட்ரீயையும், மிசிசிப்பியில் டாக்ஸி ஹாஸ் மாஸி ஓக்கையும் தொடங்கினார்கள். அழகான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு நுணுக்கமும் கடையில் நின்று பார்க்கும் மனிதக் கண்ணுக்காகத்தான் என்பது என் கட்சி. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மங்கல் திட்டு.

இன்னொரு காரணம் துரு. உன் குழலின் கருநீலம் பெயின்ட் இல்லை. இரும்பின் மேற்பரப்பையே கட்டுப்பாடாக ஆக்ஸைடாக மாற்றியது அது. நுண்துளைகள் உள்ள மெல்லிய படலம். எண்ணெயைப் பிடித்துவைக்கும், தண்ணீரைத் தானாகத் தடுக்காது. ஈரத்தோடு உறையில் போட்டு மூடினால் துருப் பிடிக்காமல் என்ன செய்யும்?

வழிகள் மூன்று. முதலாவது, ஸ்ப்ரே டின். காய்ந்த புல் நிறத்தில் மேட் பெயின்டை அடித்து, மேலே நாணல் தட்டையை வைத்துப் பழுப்பையும் கரும்பச்சையையும் லேசாகத் தெளித்தால் ஒரே மாலையில் முடிந்துவிடும். உரிந்தால் திரும்ப அடித்துக்கொள்ளலாம். இரண்டாவது, அச்சிட்ட படலத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, படலம் கரைந்து மை மட்டும் மிதக்கும்போது பாகத்தை உள்ளே அமிழ்த்தி எடுப்பது. கடையில் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை. மேலே தெளிவான வார்னிஷ் பூசுவார்கள். அது கீறினால் கூடவே படமும் போகும். மூன்றாவது, செராகோட் போன்ற பீங்கான் கலந்த பூச்சு. மெல்லியது, கடினமானது, துருவை நன்றாகத் தாங்கும். அடுப்பில் வேகவைக்கும் வகைக்கு 121 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வேண்டும். எனக்குப் பிடித்தது இதுதான். சமைக்கும் அடுப்பில் வைக்காதே.

எந்த வழியானாலும் பூச்சு நிற்பது அடியில் செய்யும் வேலையால். துப்பாக்கியின் அறையில் தோட்டா இல்லை, மகசீன் குழாயிலும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத்தான் முதல் திருகைத் தொடு. பழைய துப்பாக்கியின் இடுக்குகளில் வருஷக்கணக்கில் குடித்த எண்ணெய் இருக்கும். அசிட்டோனில் ஊறவைத்துத் துடைத்தால் போதாது. பாகங்களைச் சூடேற்றி, கசிவதை மறுபடி துடை. இதில் பொறுமை இழந்தவர்களின் பூச்சுதான் இடுக்கோரத்தில் கொப்புளம் கண்டு உரியும். கழுவிய பிறகு வெறுங்கையால் தொடாதே, கைரேகையே எண்ணெய்தான். பிறகு அலுமினியம் ஆக்ஸைடு துகளைக் காற்றழுத்தத்தில் பீச்சி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். மணல் வேண்டாம், சிலிக்காத் தூசு நுரையீரலுக்கு எமன். பூச்சு தெளிக்கும்போது சரியான வடிகட்டி உள்ள முகமூடி கட்டாயம்.

எங்கே பூசக் கூடாது என்பதிலும் கவனம் வை. குழலின் உள்பக்கம், தோட்டா அறை, போல்ட்டின் முகம், ட்ரிகர் தொகுதி, மரைகள் எல்லாவற்றையும் சூடு தாங்கும் டேப்பாலும் ரப்பர் அடைப்பாலும் மூடு. வரிசை எண் மேல் கனமாக ஏற்றிவிடாதே, அது எப்போதும் படிக்கும்படி இருக்க வேண்டும். அமெரிக்காவில் அந்த எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் மத்தியச் சட்டப்படி குற்றம். தேய்ப்பதும் பீச்சுவதும் அந்த இடத்தில் வேண்டவே வேண்டாம்.

மரக்கட்டையை என்ன செய்வது என்பது உன் விருப்பம். நானாக இருந்தால் அதைக் கழற்றி, எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, மலிவான பிளாஸ்டிக் கட்டை வாங்கி அதற்கு வண்ணம் அடிப்பேன். மாமனார் என்றாவது கேட்டால் திருப்பி மாட்டிக் காட்டலாம். பிளாஸ்டிக்கையும் குழலோடு சேர்த்து அதே சூட்டில் வேகவைத்துவிடாதே, நெளிந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. குழலின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எழுத்துகளை நல்ல வெளிச்சத்தில் படித்து எனக்கு எழுது. பூச்சு ஏறினால் ஆழமில்லாத எழுத்து மங்கிவிடும். எந்த நீளத் தோட்டா போடலாம், வாய் (சோக்) எந்த அளவு இறுகியது என்பது அங்கேதான் இருக்கிறது. 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குத் தடை. பெரும்பாலோர் எஃகு ரவைதான் போடுகிறார்கள். ஈயம்போல அது நசுங்கிக்கொடுக்காது. ஃபுல் சோக், அதாவது மிக இறுகிய வாய், என்று பொறித்த பழைய குழலில் அதைச் சுட்டால் வாய்ப்பக்கம் வளையமாகப் புடைத்துவிடக்கூடும். அப்படி இருந்தால் சோக் மாற்றும் வசதியுள்ள வேறு குழல் வாங்கி, பூச்சு வேலையை அதில் செய். 870க்குக் குழல் மாற்றுவது முன்மூடியைக் கழற்றி மாட்டும் வேலைதான், ஒரு நிமிஷம் ஆகாது.

அன்புடன்,
அண்ணன்